அண்ணன் வழக்கும் தம்பி நிரப்பும் பாரமும்



அண்மையில் தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்திற்கு நாம் போயிருந்தோம். கோயில் வாசலில் ஒரு தாய் நம்மை நிறுத்தினார். இளைய மகன் எஸ்.பி.எம். தேறியவன், போலீஸ் படையில் சேர மனுப் போடப் போகிறான். மூத்தவனோ அடிதடி வழக்கில் உள்ளே போய் வந்தவன்.

"ஐயா, பாரத்துல பெரியவனப் பத்திக் கேட்டா என்னா எழுதுறது? உள்ளத எழுதுனா சின்னவன் பொழப்பு கெட்டுடும், 'இல்லை'ன்னு போட்டுடுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

இது அந்த ஒரு தாயின் கேள்வி மட்டுமல்ல. லயத்துப் பிள்ளை ஒருவன் போலீஸ் உடுப்புப் போடும் நேரத்தில் பல வீடுகளில் எழும் கேள்விதான். நாம் சொன்ன பதில் இதுதான்: "கேட்டால் மறைக்காதீங்கம்மா!"

ஏன்? கேட்பவர் யார் என்று முதலில் பாருங்கள். நம் நாட்டில் 1969-ஆம் ஆண்டிலேயே குற்றவாளிகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்துவிட்டது. தண்டனை பெற்றவரின் கைரேகையும் விவரமும் பதிவாகின்றன. அந்தப் பதிவேடு போலீஸ் கையில் இருக்கும்போது போலீசாரிடமே 'இல்லை' என்று எழுதுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதானே!

சரி, அண்ணன் செய்ததற்குத் தம்பியை ஏன் கேட்க வேண்டும்? பிரிட்டனில் போலீஸ் வேலைக்கு மனுச் செய்பவரின் நெருங்கிய உறவினரையும் சோதிக்கிறார்கள். அதற்காக, உறவினர் தண்டனை பெற்றவர் என்றதுமே மனுவைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. குற்றம் எவ்வளவு பெரியது, உறவு எவ்வளவு நெருக்கம், இலாகா இரகசியம் அந்த வழியாக வெளியே போகுமா, உறவினருக்காக இவர் வளைந்து கொடுப்பாரா என்றெல்லாம் எடை போடுகிறார்கள். தம்பியைக் குற்றவாளி ஆக்குவது அவர்கள் நோக்கமல்ல. அவன் நேர்மையாக நிற்பானா என்பதே அவர்கள் கேள்வி. முதல் பாரத்திலேயே பொய் எழுதினால் அந்தக் கேள்விக்கு நாமே தவறான பதிலைக் கொடுத்தவர்கள் ஆவோம்.

டில்லியில் நடந்ததைக் கேளுங்கள். 1999-இல் ஓர் இளைஞர் அங்கே போலீஸ் வேலைக்கு மனுச் செய்தார். வாடகைக்கு இருந்தவரோடு ஏற்பட்ட சண்டையில் அவர் மீதும் குடும்பத்தார் மீதும் ஒரு வழக்கு இருந்தது. அது 1998-லேயே சமாதானமாகி, விடுதலையும் கிடைத்துவிட்டது. ஆனாலும் பாரத்தில் 'வழக்கு இல்லை' என்று எழுதிவிட்டார். எல்லாச் சோதனையிலும் தேறிய பிறகு, 2001-இல் இன்னொரு பாரத்தில்தான் உண்மையை எழுதினார். முன்னே மறைத்ததற்காகத் தேர்வு ரத்தானது. 2011 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம், அறியாத வயதில் செய்த பிழையை மன்னிக்கலாம் என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வென்றார்தான். ஆனால் ஒரே ஒரு 'இல்லை'க்காகப் பத்து ஆண்டுகள் போயின! கோர்ட்டுக்கு அலைய நம்மில் எத்தனை பேருக்கு வசதி உண்டு?

அதே நீதிமன்றம் 2016-இல் மற்றொரு வழக்கில் சில விதிகளை வகுத்தது. கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். பாரத்தில் தெளிவாகக் கேட்டதை மறைத்தால்தான் 'மறைத்தான்' என்று சொல்லலாம். உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தியத் தீர்ப்பு நம் நாட்டு இலாகாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதிலுள்ள நியாயம் நமக்கும் பாடம்தான்.

ஆகவே, தம்பிமார்களே! பாரத்தை நிதானமாகப் படியுங்கள். உங்களைப் பற்றி மட்டும் கேட்டால் அதற்குப் பதில் எழுதுங்கள். பெற்றோர், உடன்பிறந்தார் பற்றிக் கேட்டால் அதையும் எழுதுங்கள். கைதானது வேறு, வழக்குப் போட்டது வேறு, தண்டனை பெற்றது வேறு. 2012 வரை இருந்த அவசரகாலச் சட்டத்தின் கீழ் வழக்கு விசாரணையே இல்லாமல் ஈராண்டு வரை தடுத்து வைக்க முடிந்தது. அப்படி உள்ளே இருந்தவரைக் கோர்ட்டில் தண்டனை பெற்றவர் என்று நீங்களாகவே எழுதிவிடாதீர்கள். எந்த வழக்கு, எந்த ஆண்டு, எந்தக் கோர்ட்டு, என்ன முடிவு என்பதை ஆவணம் பார்த்து எழுதுங்கள். பாரத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாய் கடைசியாகக் கேட்டார்: "பெரியவன் மனசு நொந்துடுவானே, ஐயா?"

"அவரையே கோர்ட்டுக் காகிதத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கம்மா. தம்பிக்கு அவர் செய்யக்கூடிய உதவி அது" என்றோம்.

வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் பொய்யால் கிடைத்த வேலை என்றைக்குப் பறிபோகுமோ என்று பயந்து பயந்து வாழ வேண்டாம். பெற்றோர்களே, பிள்ளை பாரம் நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள். உள்ளதை எழுதச் சொல்லுங்கள்!