விளக்கொளியும் மின்வெட்டொளியும்

இருள் சூழ்ந்த இடத்திலே படம் பிடிப்போர்க்கு மின்வெட்டொளி பெருந்துணை என்பதை யாவரும் அறிவர். பிளாஷ் என வழங்கும் அக்கருவியின் துணையின்றி இன்று பரிசளிப்பு விழாவோ, நாடகமோ, நவராத்திரி விழாவோ நிகழ்தல் அரிது. எனினும், இவ்விழாக்களிற் பிடித்த படங்களை நோக்குவோர் ஒரு குறையைக் காண்பர். முன்னிற்பவரின் முகம் சுண்ணம் பூசியதுபோல் வெளிறியிருக்கும், பின்னிற்பவர் மங்கியிருப்பர், மண்டபமோ இருட்குகையாய்த் தோன்றும். ஏற்றிவைத்த குத்துவிளக்கின் ஒளி அங்கே பரவியிருந்தமைக்குப் படத்திற் சான்றே இராது. இது கருவியின் குறையன்று, கணக்கறியாமையால் வருவது. அக்கணக்கை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்வெட்டொளிக்கு முன்னோடியாய் அமைந்தது வெட்டொளிப் பொடி. 1887 இல் ஜேர்மனியரான அடோல்வ் மீத்தே, யொகான்னெஸ் கேடிக்கே என்னும் இருவர் மகனீசியத்துடன் பொற்றாசியங் குளோரேற்றைக் கலந்து, கணப்பொழுதிற் பேரொளி வீசும் பொடியொன்றை ஆக்கினர். யேக்கப் றீஸ் என்னும் செய்தியாளர் அம்முறையைக் கைக்கொண்டு, நியூயோர்க் நகரத்து ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இருளறைகளைப் படம் பிடித்தார். அப்படங்களைத் துணையாகக் கொண்டு 1890 இல் நூலொன்றையும் வெளியிட்டார். இருள் மறைத்துவைத்த வறுமையை அந்நகரத்தார் கண்ணெதிரே நிறுத்தியது அவ்வொளியேயாம். பின்னர், 1931 இல் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஹரோல்ட் எட்ஜேர்ட்டன் மின்னாற்றலாற் பளிச்சிடும் விளக்கை உருவாக்கினார். இன்று நாம் கையாளுங் கருவி அவ்வழி வந்ததே.

இனிக் கணக்கிற்கு வருவோம். படத்திற் பதியும் ஒளியின் அளவை மூன்று நிர்ணயிக்கின்றன: வில்லையின் துவாரம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. எண்ணாற் குறிக்கப்படும் உணர்திறன். வெட்டொளிப் படத்திலோ ஒன்றன்மேலொன்றாக இரு படங்கள் பதிகின்றன என்று கொள்ளல் வேண்டும். ஒன்று இடத்தின் ஒளியால் வருவது; மற்றையது வெட்டொளியால் வருவது. வெட்டொளி ஏறத்தாழ 1/1000 செக்கனில் அல்லது அதனினுங் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். ஷட்டர் 1/60 செக்கன் திறந்திருப்பினும் 1/15 செக்கன் திறந்திருப்பினும் அதன் அளவு மாறாது. இடத்தின் ஒளியோ ஷட்டர் திறந்திருக்குமட்டும் சேர்ந்துகொண்டேயிருக்கும். ஆகவே துவாரமும் உணர்திறனும் இரண்டு ஒளிகளையும் ஆளும். ஷட்டர் இடத்தின் ஒளியை மட்டுமே ஆளும். இவ்வுண்மையை மனத்திலிருத்தினால் கணக்கிற் பாதி முடிந்ததெனலாம்.

ஷட்டர் நேரத்தைக் குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. பல கமராக்களில் 1/200 அல்லது 1/250 செக்கனிலும் நேரங் குறையின், ஷட்டரின் திரை படத்தின் ஒரு பகுதியை மறைக்க, அப்பகுதி கறுத்துப்போம்.

வெட்டொளியின் மற்றோர் இயல்பு, தூரத்துடன் அது விரைந்து தேய்தலாகும். பௌதிகவியல் மாணவர் அறிந்த நேர்மாறு வர்க்க விதியின்படி, 2 மீற்றரில் நிற்பவர் பெறும் ஒளியின் காற்பங்கையே 4 மீற்றரில் நிற்பவர் பெறுவர். 8 மீற்றரில் நிற்பவர்க்குப் பதினாறில் ஒரு பங்கே கிட்டும். முன்வரிசை வெளிறப் பின்வரிசை மங்குவது இதனாலேயே.

வெட்டொளிக் கருவியின் ஆற்றலை வழிகாட்டி எண் என்பதாற் குறிப்பர். அதனைத் தூரத்தால் வகுக்கத் துவார எண் பெறப்படும். ஐ.எஸ்.ஓ. 100 இல் வழிகாட்டி எண் 32 ஆயின், 4 மீற்றரில் நிற்பவர்க்குத் துவாரம் எப் 8 ஆகும். ஷட்டரை 1/125 செக்கனில் வைத்துப் படம் பிடித்தால் முகம் நன்கு விழும். ஆயின் மண்டபம்? அம்மண்டபத்தின் விளக்கொளி மட்டும் நன்கு பதிய ஐ.எஸ்.ஓ. 1600, எப் 4, 1/30 செக்கன் வேண்டுமெனக் கொள்வோம். முன்னைய அமைப்பில் உணர்திறன் பதினாறிலொன்று. துவாரத்தின் பரப்பு நாலிலொன்று. நேரமும் ஏறக்குறைய நாலிலொன்று. இவற்றைப் பெருக்க, வேண்டிய ஒளியில் 256 இல் ஒரு பங்கே மண்டபத்திலிருந்து பதிந்ததென்பது பெறப்படும். மண்டபம் கறுத்ததில் வியப்பென்ன!

இதற்குப் பரிகாரம், முறையைத் தலைகீழாக்குதலே. முதலில் வெட்டொளியை அணைத்துவைத்து மண்டபத்தை மட்டும் பிடித்துப் பார்த்தல் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 1600, எப் 4 என்பவற்றுடன் ஷட்டரை 1/60 செக்கனில் வைத்தால் மண்டபம் சற்றே மங்கலாக, ஆயினும் தெளிவாகப் பதியும். அதன்பின் முகத்துக்கு வேண்டிய அளவு வெட்டொளியைச் சேர்க்கலாம். உணர்திறன் பதினாறு மடங்காகும்போது வழிகாட்டி எண் நான்கு மடங்காகி 128 ஆகும். எப் 4 இல் 4 மீற்றருக்கு வேண்டியதோ 16 மட்டுமே. ஆதலால் கருவியின் முழு ஆற்றலில் 64 இல் ஒரு பங்கு போதும். பேரொளியாய் அடித்தது சிற்றொளியாய்த் துணைநிற்கும்.

இம்முறையில் இரண்டைக் கவனித்தல் வேண்டும். ஷட்டர் நெடுநேரம் திறந்திருப்பின் ஆடுவோர், நடப்போர் உருவங்களின் அருகே நிழல்போன்ற மங்கல் விழும். ஆகவே அசைவு மிகுந்தவிடத்து நேரத்தைக் குறைத்து உணர்திறனைக் கூட்டுக. இரண்டாவது நிறம். எண்ணெய் விளக்கின் ஒளி செம்மஞ்சள். வெட்டொளி நண்பகல் வெயில்போல் வெண்மையானது. செம்மஞ்சள் நிறத் தாளொன்றை வெட்டொளியின் முகப்பில் இட்டால் இரண்டும் ஒருவாறு இணங்கும். வெண்ணிறக் கூரையில் ஒளியை மோதவிட்டுத் திருப்பின் முகத்திற் கடுமையுந் தணியும். ஒளி செல்லுந் தூரம் கூடுவதால் ஆற்றலைச் சிறிது கூட்டல் வேண்டும்.

தானியங்கிக் கமரா இவற்றையெல்லாம் தானே செய்யாதோ எனச் சிலர் வினவலாம். அது பெரும்பாலும் முகத்தொளியை அளந்து அமைதியடையும். மண்டபம் வேண்டுமா, விளக்கு வேண்டுமா என்பதை அது அறியாது. அதைத் தீர்மானிப்பவர் படம் பிடிப்பவரே. ஒருமுறை கடந்த மாலைப்பொழுது மீண்டும் வாராது. ஐம்பது ஆண்டுகளின் பின் நம் படங்களைப் பார்ப்போர், யார் நின்றார் என்பதுடன் எத்தகைய இடத்தில், எத்தகைய ஒளியில் நின்றார் என்பதையும் அறிய விரும்புவர். அவர்க்கு அதனைக் கொடுப்பதும் மறைப்பதும் இச்சிறு கணக்கிலேயே தங்கியுள்ளது.