டாப் கியரில் லாரியை முந்தலாமா? பழைய புல்லட் ஓட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

சென்னை:

பழைய புல்லட் வைத்திருப்பவர்களிடம் பேச்சு கொடுத்தால் முதலில் வரும் பெருமை, "டாப்புல போட்டா போதும், கியரே மாத்த வேணாம், யானை மாதிரி இழுக்கும்" என்பதுதான்.

இது பாதி உண்மை. மீதிப் பாதியையும் நம்பி லாரியை முந்தப் போனால் உயிருக்கே உலை வைத்துவிடும்.

திருவொற்றியூர் வண்டி

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்பீல்டு புல்லட், 1955-ம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் ஏற்பட்ட கூட்டு மூலம் சென்னைக்கு வந்தது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் தயாராகி நாடு முழுக்க ஓடியது. இங்கிலாந்தில் கம்பெனி 1970-ல் மூடப்பட்ட பிறகும் நம்ம ஊரில் உற்பத்தி நிற்கவில்லை.

அந்தக் கால 350 புல்லட்டின் என்ஜின் 346 சி.சி. ஒரே பிஸ்டன். அதன் விட்டம் 70 மி.மீ. அது ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ.

ஏன் இழுக்கிறது?

கனமான பிளைவீல், சின்ன கார்புரேட்டர், குறைந்த சுற்றுக்கு ஏற்ற வால்வு அமைப்பு. இவை சேர்ந்துதான் புல்லட்டின் இழுவை. நிமிடத்துக்கு சுமார் 3 ஆயிரம் சுற்றிலேயே அதன் முழு இழுவையும் கிடைத்துவிடும்.

அதோடு, 4-வது கியரில் கியர்பாக்சுக்குள் பல்சக்கரங்கள் மூலம் சக்தி சுற்றிப் போவதில்லை. நேராகவே செயின் சக்கரத்துக்குப் போகிறது. அதனால்தான் 45, 50 கி.மீ. வேகத்தில் 'டப் டப்' என்று அலுங்காமல் போகிறது.

எங்கே அடங்குகிறது?

ஆனால் இந்த என்ஜினின் மொத்த சக்தியே சுமார் 18 எச்.பி.தான். அதுவும் 5 ஆயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான் முழுசாகக் கிடைக்கும். டாப் கியரில் 60 கி.மீ. வேகத்தில் என்ஜின் அதில் பாதி சுற்றுதான் சுற்றும்.

காற்றும் சும்மா விடாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். 40-ல் இருந்து 60-க்கு சுலபமாக ஏறும் வண்டி, 70-ல் இருந்து 90-க்கு ஏற மூச்சு வாங்குவது இதனால்தான்.

1983-ல் வந்த ராஜ்தூத் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் 347 சி.சி.தான். ஆனால் இரண்டு பிஸ்டன், டூ ஸ்ட்ரோக், 6 கியர், சுமார் 30 எச்.பி. குறைந்த சுற்றில் மந்தமாக இருக்கும், சுற்று ஏறினால் பாயும். புல்லட் அதற்கு நேர் எதிர். இழுவை வேற, பாய்ச்சல் வேற.

முந்தும் கணக்கு

நடுவில் தடுப்பு இல்லாத ரோடு. முன்னால் 50 கி.மீ. வேகத்தில் லாரி. அதைப் பத்திரமாக முந்தி இடதுபுறம் சேர, லாரியை விட சுமார் 40 மீட்டர் அதிகம் ஓட வேண்டும்.

டாப் கியரிலேயே முறுக்கி, வண்டி மெதுவாக ஏறி சராசரி 60 கி.மீ. வேகம் கிடைத்தால் 14 விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்கள் 240 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 70 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் 280 மீட்டர் வந்திருக்கும். ஆக அரை கிலோ மீட்டருக்கு மேல் ரோடு காலியாக இருக்க வேண்டும்!

சராசரி 70 கி.மீ. கிடைத்தால் 7 விநாடி போதும். தேவைப்படும் தூரம் 280 மீட்டர்தான்.

என்ன செய்யணும்?

* முந்துவதற்கு முன்பே 3-வது கியருக்கு இறக்குங்கள். அதே வேகத்தில் என்ஜின் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றும். கையில் சக்தி இருக்கும்.

* 40-க்குக் கீழே டாப் கியரில் போட்டு ஒரேயடியாக முறுக்காதீர்கள். என்ஜினில் 'கட கட' சத்தம் வந்தால் அது எச்சரிக்கை. பேரிங், செயின் எல்லாம் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

* புது பைக் ஓட்டிப் பழகியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அவசரத்தில் வலது காலை மிதித்தால் வண்டி நிற்காது, கியர்தான் மாறும்.

* டிரம் பிரேக் வண்டி என்பதை மறக்காதீர்கள். பாதி முந்தியபின் மனசு மாறி பின்வாங்குவது கஷ்டம்.

* எதிரே ரோடு தெளிவாகத் தெரியவில்லையா? லாரிக்குப் பின்னாலேயே இடைவெளி விட்டுப் போங்கள். அந்த 50 கி.மீ. வேகம்தான் பழைய புல்லட்டுக்கு ரொம்பப் பிடித்த வேகமும்கூட.