பைத்தானா, சி பிளஸ் பிளஸா? முதல்ல போர்டைப் பாருங்க!

ரோபோட்டிக்ஸ் கிளப்புக்கு வர்ற ஜூனியர்ஸ் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்னுதான்: "அண்ணா, ரோபோ செய்ய எந்த லாங்குவேஜ் படிக்கணும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "கையில என்ன போர்டு இருக்கு?"

காரணம் மெமரி. அர்டுயினோ ஊனோவில் ரேம் வெறும் 2 கேபி, ப்ரோகிராம் வைக்க 32 கேபி. மைக்ரோபைத்தானுக்கு குறைந்தது 16 கேபி ரேமும் 256 கேபி இடமும் வேண்டும். ஊனோவில் அது ஏறவே ஏறாது, அங்கே சி பிளஸ் பிளஸ்தான். ராஸ்பெர்ரி பை பிக்கோவில் 264 கேபி ரேம், ஈஎஸ்பி32-இல் 520 கேபி. இவற்றில் இரண்டு லாங்குவேஜும் ஓடும்.

அப்போ எதை எடுக்கிறது? மைக்ரோபைத்தானில் ஒரு வரி டைப் செய்து என்டர் தட்டினால் உடனே எல்இடி எரியும். கம்பைல், அப்லோடு என்று காத்திருக்க வேண்டாம். புது சென்சாரை சோதிக்க இதைவிட சுகம் கிடையாது. ஆனால் கோடை ஒரு இன்டர்ப்ரெட்டர் படித்துப் படித்து ஓட்டுவதால் வேகம் குறைவு. நடுவில் மெமரியை சுத்தம் செய்ய சின்னதாக ஒரு இடைவெளியும் எடுத்துக்கொள்ளும். செடிக்குத் தண்ணி ஊற்றும் ப்ராஜெக்ட்டில் அது தெரியாது. வேகமாக ஓடுற லைன் ஃபாலோயரில் தெரியும்.

சி பிளஸ் பிளஸ் வேகம்தான், ஆனால் கவனம் கேட்கும். செகண்ட் இயரில் ஊனோ வைத்து ஒரு லைன் ஃபாலோயர் செய்தோம். லேபில் 25 செகண்டில் ஒரு ரவுண்டு, சூப்பரா ஓடுச்சு. போட்டியில் டிராக் பெருசு. அரை நிமிஷம் தாண்டியதும் ரோபோ நின்ன இடத்திலேயே சுத்த ஆரம்பிச்சிடுச்சு. பேட்டரியைத் திட்டினோம், சென்சாரைத் திட்டினோம், ஹால் லைட்டைக்கூட விடலை.

தப்பு எங்க கோடில்தான். கடைசியாகப் பார்த்த நேரத்தை 'இன்ட்' வேரியபிளில் வைத்திருந்தோம். ஊனோவில் இன்ட் என்றால் 16 பிட். அதிகபட்சம் 32,767. மில்லிசெகண்டில் அது சரியாக 32.767 செகண்ட்! அதைத் தாண்டியதும் எண் மைனஸுக்குப் போய், இரண்டு ரீடிங்குக்கு நடுவில் 65 செகண்ட் போனதாக பிஐடி கணக்கு நம்பிவிட்டது. மோட்டார் ஒரு பக்கமா முழு வேகத்தில் திரும்பாம என்ன செய்யும்? 'அன்சைன்ட் லாங்' என்று மாற்றினோம், சரியாகிவிட்டது. கோப்பைதான் போயிடுச்சு.

பைத்தானில் எண் தேவைக்கேற்ப வளரும், இந்தத் தப்பு இப்படி வந்திருக்காது. இதே கோடு ஈஎஸ்பி32-இல் ஓடியிருந்தால் இன்ட் 32 பிட், 24 நாள் வரை பிரச்சனையே தெரியாது. லாங்குவேஜை மட்டும் தனியாகப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை என்பது இதனால்தான்.

என் அட்வைஸ்: ஊனோ இருந்தால் சி பிளஸ் பிளஸ். புதுசா வாங்கப்போறீங்கன்னா பிக்கோ அல்லது ஈஎஸ்பி32 வாங்கி, பைத்தானில் ஆரம்பிங்க. வேகம் பத்தலைன்னா அதே போர்டில் சி பிளஸ் பிளஸுக்கு மாறிக்கலாம். எதுவானாலும், போட்டிக்கு முன்னாடி ரோபோவை பத்து நிமிஷமாவது தொடர்ந்து ஓட்டிப் பாருங்க!