பங்குனியில் நின்ற வேலை... காரைக்குடி கட்டடத் தொழிலாளர்களை ஊரடங்கு எப்படிப் புரட்டிப்போட்டது?

பங்குனியில் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள். ஆனால், கட்டட வேலை மும்முரமாக நடப்பது அப்போதுதான். சித்திரையிலோ வைகாசியிலோ பால் காய்ச்ச நாள் குறித்தவர்கள் பூச்சு, தரை, பெயின்ட் என மிச்சமிருக்கும் அத்தனையையும் பங்குனிக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். மழைத் தொந்தரவும் இருக்காது.

2020-ல் சரியாக அந்த நேரத்தில்தான் எல்லாம் நின்றது. மார்ச் 24, அதாவது பங்குனி 11. மாலை 6 மணி முதல் தமிழகம் முழுக்க 144 தடை உத்தரவு. நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு.

கடை என்றால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போகலாம். பாதி கட்டிய வீட்டை என்ன செய்வது? கான்கிரீட் போட்ட தளத்துக்குக் குறைந்தது ஒரு வாரம், பல மேஸ்திரிகளின் கணக்குப்படி 21 நாள், விடாமல் தண்ணீர் கட்ட வேண்டும். இல்லையென்றால் வெடிப்பு விடும். ஊரடங்குக்கும் 21, கான்கிரீட்டுக்கும் 21 என்பது விநோதமான பொருத்தம்தான். ஆனால் தண்ணீர் ஊற்ற ஆள் வர வேண்டுமே! அடியில் நிற்கும் முட்டுக்கும் சென்ட்ரிங் ஷீட்டுக்கும் நாள் வாடகை. பிரிக்க ஆள் இல்லாவிட்டாலும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். இறக்கிவைத்த சிமென்ட் மூட்டையும் காத்திருக்காது. நாளாக ஆக வலு குறையும், ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும்.

ஏப்ரல் 20 முதல், தொழிலாளர்கள் வேலை நடக்கும் இடத்திலேயே தங்கியிருந்தால் நகரங்களிலும் கட்டுமானத்தைத் தொடரலாம் என்றது மத்திய அரசு. அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் பெரிய கம்பெனிக்கு அது சரிப்படும். காலையில் பஸ் ஏறி வந்து, வேலை முடிந்து சாயங்காலம் ஊர் திரும்பும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எப்படிச் சரிப்படும்? தமிழக அரசு அந்தத் தளர்வையும் ஏற்காமல், கட்டுப்பாடுகளை மே 3 வரை நீட்டித்தது. வேலை மீண்டும் தொடங்கியபோது சித்திரை பாதிக்குமேல் போய்விட்டது.

கொத்தனார் கதையாவது எல்லா ஊரிலும் உண்டு. செட்டிநாட்டுக்கே உரிய இன்னொரு கதை, ஆத்தங்குடி கல். பூ வேலைப்பாடு கொண்ட அந்தத் தரைக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமென்ட் கரைசலைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, கலவை போட்டு மட்டம் தட்டுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, காயவைக்கிறார்கள். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. மற்றதெல்லாம் கை தந்தது. வெயில் கொளுத்தும் இரண்டு மாதமும் அந்தக் கைகள் வீட்டில் கிடந்தன. கல் போகும் இடங்களும் அடைபட்டன. பழைய செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பித்து ஹோட்டல் நடத்துபவருக்கு விருந்தாளி இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்து பூர்வீக வீட்டைப் பழுதுபார்க்க நினைத்தவருக்கு விமானம் இல்லை.

இந்தப் பகுதிக்கு இப்படியொரு நிறுத்தம் புதிதல்ல. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் பணமும் தேக்கும் வருவது நின்றது. பெரிய பெரிய வீடுகள் கட்டிய காலம் அதோடு ஏறக்குறைய முடிந்தது. அன்றைய தச்சர்களும் கொத்தனார்களும் என்ன ஆனார்கள் என்று எந்த டூரிஸ்ட் கைடும் சொல்வதில்லை.

2020-ல் அரசு உதவி இல்லாமல் இல்லை. பதிவு செய்த கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1,000 ரூபாய், 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய் என்று அறிவித்தார்கள். பிறகு இன்னொரு 1,000 ரூபாய். இங்கே முக்கியமான வார்த்தை ‘பதிவு’. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. கட்டட அனுமதி வாங்கும்போதே, கட்டுமானச் செலவில் 1 சதவிகிதம் இவர்களின் நலனுக்கென வசூலிக்கப்படுகிறது. ஆனாலும், இருபது வருடம் கலவை சுமந்த சித்தாளிடம் அட்டை இல்லையென்றாலோ, புதுப்பிக்காமல் விட்டிருந்தாலோ, இந்தச் சிறப்பு உதவி கிடையாது. ரேஷன் கார்டுக்கான 1,000 ரூபாயோடு சரி. பெயரைப் பதிய அரை நாள் கூலியை விட வேண்டுமே என்று தள்ளிப்போட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

2021 மே மாதம் இரண்டாவது அலை. மறுபடி ஊரடங்கு. அதைவிட வீட்டுக்காரர்களை மிரட்டியது விலை. சிமென்ட் மூட்டை 500 ரூபாயை நெருங்கியது, கம்பியும் ஏறியது. பட்ஜெட் எகிறியதும் பலர் முதலில் கைவைத்தது மாடி அறையிலும் காம்பவுண்டு சுவரிலும்தான். அந்த வேலைகள் போனால் கூலியும் போச்சு. அந்த நவம்பரில் அரசு ‘வலிமை’ சிமென்ட்டை 350, 365 ரூபாய்க்கு அறிமுகப்படுத்தியது.

வாரியப் பதிவு இப்போது ஆன்லைனில் நடக்கிறது. 18 வயது முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், போட்டோ, கட்டட வேலைதான் செய்கிறார் என்பதற்கான சான்று ஆகியவை தேவை. உங்கள் வீட்டில் வேலை நடக்கிறதா? சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது ‘அட்டை இருக்காண்ணே, இருக்காக்கா’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருந்தால், புதுப்பிக்க வேண்டிய தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள்.