சாறு வருமுன்பே துடித்த அணுக்கள்

தேக்கா சந்தைப் பக்கம் போகிறீர்கள். வடை பொரியும் வாசனை வருகிறது. வடை இன்னும் வாய்க்கு வரவில்லை. கால் மட்டும் தானாகக் கடைப்பக்கம் திரும்பிவிடுகிறது! திருப்பியது யார்?

உங்கள் நடுமூளையில் இருக்கும் சின்னஞ்சிறு நரம்பணுக் கூட்டத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு. மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்க, இவை சில லட்சம்தான். டோபமின் என்ற வேதிப்பொருள் மூலம் இவை மூளையின் முன்பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. டோபமினை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று பலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. ஏன் என்று பாருங்கள்.

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பழச்சாறு கொடுத்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது டோபமின் அணுக்கள் படபடவென்று துடித்தன. பிறகு, விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழக்கினார். பழகிய குரங்கு சாற்றைக் குடித்தபோது அந்த அணுக்களில் பரபரப்பே இல்லை. விளக்கு எரிந்த கணத்திலேயே துடித்து முடித்துவிட்டன! விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. அதாவது, “நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது, இதை நினைவில் வை” என்பதுதான் டோபமின் சொல்லும் செய்தி.

போதைப்பொருள் இந்தச் செய்தியைப் பொய்யாக அனுப்புகிறது. டோபமின் அணுக்களுக்குப் பிரேக் போட வேறு அணுக்கள் உண்டு. அபின் அந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடும். சிகரெட்டிலும் வேப் எனும் மின்சிகரெட்டிலும் உள்ள நிகோட்டின், டோபமின் அணுக்களை நேராகவே தூண்டும். ஒவ்வொரு முறையும் “நினைத்ததைவிட நன்று” என்ற பொய்ச்செய்தி போனால், மூளை அதையே திரும்பத் திரும்பப் படிக்கும். நாளடைவில் செய்தியை வாங்கும் ஏற்பிகள் குறையும். வடையும் விளையாட்டும் சப்பென்று ஆகிவிடும். “வேண்டாம்” என்று தடுக்கும் நெற்றிப்பக்க மூளையோ முழுதாக முதிர 25 வயதுபோல் ஆகும். அதனால்தான் பதின்ம வயதில் ஆபத்து அதிகம்.

சிங்கப்பூருக்குப் போதைப் பழக்கம் பழைய கதை. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அபினை ரிக்‌ஷா இழுத்தவர்களும் மூட்டை சுமந்தவர்களும் உடல்வலி மறக்கப் புகைத்தார்கள். 1910 முதல் அதை விற்றது யார் தெரியுமா? அன்றைய காலனி அரசாங்கமே! டாக்டர் சென் சு லான் 1933இல், லிட்டில் இந்தியாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத கம்போங் ஜாவா சாலையில், அபின் பழக்கத்திலிருந்து விடுவிக்கவே ஒரு மருந்தகம் திறந்தார். 1946இல் அபின் தடை செய்யப்பட்டது.

பழக்கத்தை விட்ட பிறகும் பழைய சந்து, பழைய கூட்டாளி, அதே வாசனை எதிரே வந்தால் ஆசை குபீரென்று கிளம்பலாம். குரங்குக்கு விளக்கு போல. இதைக் கோழைத்தனம் என்று கேலி செய்வது அறியாமை. மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இன்றைய ஆபத்து வேறு வடிவில் வருகிறது. வேப்பில் கலக்கப்படும் எட்டோமிடேட், மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கப் பயன்படும் மருந்து. 2025 செப்டம்பர் 1 அன்று அது இங்கே சட்டப்படி போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. நண்பர் யாராவது மாட்டிக்கொண்டால், ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்லுங்கள். வேப்பை விடத் தானாக முன்வந்து உதவி கேட்பவருக்குத் தண்டனை கிடையாது.