லேபிள்ல ஒரு பேர், உடையில நூறு கை: பாரிஸ் ஃபேஷன் ஷோவைப் பார்ப்பது எப்படி?



2022-ல ஒரு வீடியோ எல்லாரோட ஃபோனுக்கும் வந்துட்டுப் போச்சு. மாடல் பெல்லா ஹதீத் மேடையில நிக்கிறாங்க. பக்கத்துல இருக்கறவங்க அவங்க உடம்பு மேல வெள்ளையா எதையோ ஸ்பிரே பண்றாங்க. கொஞ்ச நேரத்துல அந்த ஸ்பிரே துணியா மாறி, ஒரு கவுனாவே ஆயிடுது. இழைகளும் பாலிமரும் கலந்த திரவம் அது. சால்வென்ட் ஆவியாகிப் போனதும் மிச்சம் இருக்கறது துணி. கெமிக்கல் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் இதை எங்களைவிட நல்லா விளக்குவாங்க!

அந்த ஷோவை நடத்தினது கோபெர்னி என்கிற பிராண்ட். இடம் பாரிஸ். ஆனா அதை "ஓட் கூட்யூர்" னு நினைச்சிருந்தீங்கன்னா, அது இல்லை. பாரிஸ்ல நடக்கிற எல்லா ஷோவும் ஓட் கூட்யூர் ஆகாது. அப்போ எது ஓட் கூட்யூர்? அந்த ஷோவுக்குள்ள போனா என்ன பார்க்கலாம்? வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பேருக்கே சட்டம்

பிரெஞ்சில் "ஓட்" என்றால் உயர்ந்த, "கூட்யூர்" என்றால் தையல். அவ்வளவுதான் அர்த்தம். ஆனா இந்தப் பேரை யார் வேணும்னாலும் வெச்சுக்க முடியாது. 1945 முதல் பிரான்ஸில் இதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கில்ல, கொஞ்சம் அது மாதிரி.

பேர் வேணும்னா நிபந்தனைகள் உண்டு. வாடிக்கையாளரின் அளவெடுத்து, போட்டுப் பார்த்துத் திருத்தி, அவருக்காகவே தைக்கணும். பாரிஸில் சொந்தப் பட்டறை இருக்கணும். அதில் முழுநேரக் கைவினைஞர்கள் வேலை செய்யணும். வருஷத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், புது உடைகளைக் காட்டணும். பணியாளர் எண்ணிக்கைக்கும் உடைகளின் எண்ணிக்கைக்கும் குறைந்தபட்ச அளவு இருக்கிறது. மத்த மாசங்கள்ல நீங்க பார்க்கிற பெரிய ஷோக்கள் பெரும்பாலும் ரெடிமேட் வகை. கோபெர்னியின் ஸ்பிரே கவுன் அந்தப் பக்கம்தான் வரும்.

இந்த முறையைத் தொடங்கி வெச்சவர்னு சார்ல்ஸ் ஃப்ரெடரிக் வொர்த்தைச் சொல்வாங்க. அவர் பிரெஞ்சுக்காரர் இல்லை, ஆங்கிலேயர்! 1858-ல் பாரிஸில் கடை திறந்தார். அதுவரை வாடிக்கையாளர் சொல்றதைத் தையல்காரர் தைப்பார். வொர்த் அதைத் தலைகீழா மாத்தினார். தானே டிசைன் செய்து, பெண்களுக்கு உடுத்திக் காட்டி, "பிடிச்சதைச் சொல்லுங்க, உங்க அளவுக்குத் தைச்சுத் தர்றேன்" என்றார். உடைக்குள்ள தன் பேர் போட்ட லேபிளையும் தைத்தார். இந்த லேபிளை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

உள்ளே போனா

முதல் விஷயம், டிக்கெட் கிடையாது. அழைப்பிதழ்தான். அதில் உங்க பேரும் சீட்டும் குறிச்சிருக்கும். முன்வரிசையில் நடிகர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், நிஜமாவே உடை வாங்குகிற வாடிக்கையாளர்கள். இப்படி வாங்கறவங்க உலகம் முழுக்கவே சில ஆயிரம் பேர்தான் இருப்பாங்கன்னு பொதுவா சொல்வாங்க. ஒரு உடையின் விலை பல லட்சம் ரூபாயில் தொடங்கும். வேலைப்பாடு அதிகமானா கோடியையும் தொடும்.

இடமும் சும்மா இருக்காது. அருங்காட்சியகம், பழைய மாளிகை இப்படித்தான் தேர்ந்தெடுப்பாங்க. 2024 ஜனவரியில் மேசன் மார்ஜியேலாவுக்காக ஜான் கலியானோ செய்த ஷோ, செய்ன் ஆற்றுப் பாலம் ஒன்றின் அடியில் நடந்தது. மாடல்களின் முகமெல்லாம் பீங்கான் பொம்மை மாதிரி பளபளன்னு இருந்தது. அதே வாரம் ஸ்கியாபரெல்லி ஷோவில் ஒரு மாடல் இடுப்பில் ரோபோ குழந்தையைத் தூக்கிட்டு வந்தார். பழைய ஃபோன், மதர்போர்டு, ஒயர் எல்லாம் சேர்த்துச் செய்த குழந்தை. நம்ம ஈசிஇ லேபுல ஓரமா கிடக்கிற சாமான் பாரிஸ் மேடைக்குப் போயிடுச்சுன்னு வெச்சுக்கோங்களேன்!

சொன்ன நேரத்துக்கு ஷோ தொடங்காது, அரை மணி நேரம் தள்ளிப்போறது சகஜம். தொடங்கினா பெரும்பாலும் கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். கடைசியில் எல்லா மாடல்களும் வரிசையா ஒரு சுத்து வருவாங்க. டிசைனர் ஒரு நொடி எட்டிப் பார்த்துக் கும்பிடு போடுவார். அவ்வளவுதான்.

இந்தக் கால் மணி நேரத்துல முகத்தையும் முன்வரிசையையும் பார்த்தா போதுமா? துணியைப் பாருங்க. விஷயம் அங்கேதான் இருக்கு.

துணியில் இருக்கிற மெக்கானிக்ஸ்

உடை நேரா விலையுயர்ந்த பட்டில் தொடங்காது. முதலில் சாதாரண வெள்ளைக் காட்டன் துணியில் ஒரு மாதிரி தைப்பாங்க. அதுக்குப் பேர் "துவால்". நம்ம பாஷையில புரோட்டோடைப்! பொம்மை மேல போட்டு, பின் குத்தி, வெட்டி, திருத்தி, சரியானதும்தான் நிஜத் துணியைத் தொடுவாங்க. பட்டறையும் இரண்டு பிரிவா இருக்கும். கோட்டு மாதிரி விறைப்பா நிற்கும் உடைகளுக்கு ஒன்று, வழிஞ்சு விழும் மெல்லிய உடைகளுக்கு இன்னொன்று.

வழிஞ்சு விழுதுன்னா எப்படி? நெய்த துணியில் பாவு நூல் நீளவாக்கில், ஊடை நூல் குறுக்குவாக்கில் போகும். இந்த இரண்டு திசையிலும் இழுத்தா துணி அதிகமா நீளாது. 45 டிகிரியில் இழுத்துப் பாருங்க, நீளும். சதுரக் கட்டம் எல்லாம் சாய்சதுரமா மாறும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல படிச்ச ஷியர்தான் இது. உங்க கர்சீஃபை எடுத்து இப்பவே செஞ்சு பார்க்கலாம். பாரிஸில் 1912-ல் கடை திறந்த மடலேன் வியோனே இந்தக் குறுக்கு வெட்டை வெச்சுத்தான் பேர் வாங்கினார். உள்ளே கம்பி, கோர்செட் எதுவும் இல்லாமல், உடம்பின் வளைவோடு போகிற கவுன்களை அவரால் செய்ய முடிந்தது.

அடுத்தது எம்பிராய்டரி. ஃப்ரேமில் துணியை இறுக்கிக் கட்டி, நுனியில் கொக்கி உள்ள ஊசியால் மணி, ஜிகினா எல்லாம் வெச்சுத் தைப்பாங்க. பிரான்ஸில் இதை லூனேவில் என்கிற ஊர்ப் பேரால் அழைக்கிறாங்க. பெரும்பாலும் துணியின் பின்பக்கமிருந்து தைக்கிற வேலை. மணி விழுவது முன்பக்கம் என்பதால், விரலால் தொட்டுத்தான் சரியா வந்திருக்கான்னு தெரிஞ்சுக்கணும்.

கொக்கி ஊசின்னதும் உங்களுக்கு எதாவது ஞாபகம் வருதா? ஆமா, ஆரி ஒர்க்! உங்க அக்கா கல்யாண ப்ளவுஸ்ல இருக்கிற அதே தையல் குடும்பம். ஐரோப்பாவுக்கு இந்தக் கொக்கித் தையல் 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்துதான் போனது. வேலைப்பாடு நிறைந்த ஒரே ஒரு உடைக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம், சில சமயம் ஆயிரத்தையும் தாண்டி ஆகும். இதைச் செய்யும் கைவினைஞர்களை பாரிஸில் "பெத்தீத் மேன்", அதாவது "சின்னக் கைகள்" என்று கூப்பிடுவாங்க.

காசு எங்கிருந்து வருது?

இவ்வளவு ஆட்கள், இவ்வளவு நேரம், வாங்கறவங்களோ கொஞ்சம் பேர். கணக்கு எப்படி உதைக்காம இருக்கு? பல நிறுவனங்களுக்கு இந்த உடைகளை வித்து வர்ற லாபம் பெரிய விஷயமே இல்லை. ஷோ உண்டாக்குகிற பேர்தான் முக்கியம். அந்தப் பேரை வெச்சு சென்ட், லிப்ஸ்டிக், கைப்பை, கூலிங் கிளாஸ் விற்பாங்க. கவுன் வாங்க முடியாதவங்க சென்ட் பாட்டில் வாங்கலாமே. மேடையில் வர்ற உடை ஒரு வகையில் விளம்பரம்தான்.

நம்ம கைகள்

பாரிஸ் பட்டறைகளில் மட்டும் இந்த வேலை நடக்கிறதில்லை. பல வருஷமாகவே வெளிநாட்டு பிராண்டுகளின் எம்பிராய்டரி வேலை மும்பைக்கு வருது. சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. பாரிஸின் புகழ்பெற்ற லெசாஜ் எம்பிராய்டரி குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ஃப்ரான்ஸ்வா லெசாஜ், 1990-களில் சென்னையில் பட்டறை தொடங்கினார். முக்கியமா மாளிகைகளின் திரை, சுவர்த்துணி போன்றவற்றுக்கான எம்பிராய்டரி அங்கே நடக்கிறது.

பிரச்சினை லேபிளில் இருக்கு. கடைசியா எங்கே ஒரு முழு உடையா உருவாகுதோ, அந்த நாட்டின் பேரைத்தான் பெரும்பாலும் லேபிளில் போடுவாங்க. மாசக்கணக்கில் மணி கோர்த்த ஊரின் பேர் அதில் வரணும்னு கட்டாயம் இல்லை. மும்பையின் சின்னப் பட்டறைகளில் பாதுகாப்பும் சலுகைகளும் இல்லாமல் இந்த வேலை நடப்பதை 2020 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. கோடி ரூபாய் உடையில் இருக்கும் பூவைத் தைத்தவருக்கு அந்த உடையின் விலைகூடத் தெரியாமல் போகலாம்.

கொஞ்சம் மாறியும் வருது. 2022 ஜனவரியில் டியோரின் ஓட் கூட்யூர் ஷோ நடந்த அரங்கின் சுவர்களில், இந்திய ஓவியர்கள் மாதவி பரேக், மனு பரேக் இருவரின் படைப்புகள் எம்பிராய்டரியாகத் தொங்கின. தைத்தது மும்பையின் சாணக்யா கைவினைப் பள்ளி. அந்தப் பேர் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. அதற்கு முன்பே, 2020 ஜனவரியில், பாரிஸ் ஓட் கூட்யூர் வாரத்துக்கு அழைக்கப்பட்ட முதல் இந்திய டிசைனர் ஆனார் ராகுல் மிஸ்ரா. அவர் முதலில் படித்தது பிசிக்ஸ்! இந்தியக் கைவினைஞர்களின் கை எம்பிராய்டரிதான் அவர் உடைகளின் உயிர். நம்ம கை வேலை, நம்ம ஆள் பேரிலேயே மேடை ஏறுது.

ஹாஸ்டல்ல இருந்தே பார்க்கலாம்

அழைப்பிதழ் இல்லைன்னு கவலை வேண்டாம். பெரும்பாலான பிராண்டுகள் ஷோவை இணையத்தில் இலவசமா காட்டுறாங்க. ஜனவரி, ஜூலை மாசங்கள்ல தேடிப் பாருங்க. என்னைக்காவது பாரிஸ் போனா, டியோர் 1947-ல் முதல் கலெக்‌ஷனைக் காட்டிய அவென்யூ மோந்தேனிலேயே இப்போ ஒரு கண்காட்சிக்கூடம் இருக்கு. அங்கே துவால்களையும் பக்கத்துல நின்னு பார்க்கலாம். அதுக்கு அழைப்பிதழ் வேண்டாம், டிக்கெட் போதும்.

பார்க்கும்போது மூணு கேள்வி மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. இந்தத் துணி ஏன் இப்படி விழுது? இதுக்கு எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்? தைச்சது யாருன்னு எங்கேயாவது சொல்லியிருக்காங்களா?

மூணாவது கேள்விக்குப் பாரிஸ் வரைக்கும் போகணும்னுகூட இல்லை. உங்க தெருவுல ஆரி ஒர்க் பண்ற அக்காகிட்ட, ஒரு ப்ளவுஸுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு, கைக்கு எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த முறை கூலி பேரம் பேசறதுக்கு முன்னாடி, அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கலாம்.