காற்று மின்சாரத்துக்கு எந்தத் தகடு?

வீட்டில் செய்யும் காற்றாலை என்றால் எல்லோரும் இறகைத்தான் பார்க்கிறார்கள். மின்சாரம் பிறப்பதோ அதன் பின்னால் சுழலும் இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவில். தொண்ணூறுகளில், மின்சாரமில்லாத வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கும் காந்தம் சுழன்றது, கம்பிச் சுருளில் மின் ஓடியது.

இங்கே காந்தங்களை இரு தகடுகளிலும் எதிரெதிராக ஒட்டுவார்கள். நடுவில் சுருள்கள் அசையாமல் நிற்கும். ஸ்கொட்லாந்தின் ஹியூ பிகொட் 2001இல் எழுதிய கையேடும் இரும்புத் தகட்டையே கேட்கிறது. தகடு காந்தத்தைத் தாங்குவதற்கு மட்டுமல்ல. ஒரு காந்தத்தின் விசை பக்கத்துக் காந்தத்துக்குப் போகும் பாதையும் அதுதான். பலகையும் அலுமினியமும் அந்தப் பாதையைத் தராது. பாரம் குறைவு, துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னாலும் காசைக் கொடுத்துவிடாதீர்கள். கையில் ஒரு காந்தத்துடன் போங்கள். எவர்சில்வரில் பல வகைகளில் அது சரியாக ஒட்டாது.

தகடு மெல்லியதாக இருந்தாலும் பயனில்லை. காந்தம் ஒட்டிய தகட்டின் பின்புறத்தில் சிறு ஆணி இறுகப் பிடித்தால், விசை வெளியே கசிகிறது என்று அர்த்தம். மெல்லிய தகடு வளைந்து சுருளிலும் உரசும்.

இரும்பு விலையென்று காட்டோரம் கிடப்பதைப் பொறுக்கப் போகவேண்டாம். பழைய இரும்போடு வெடிக்காத பொருட்களும் கிடக்கும். அப்படிக் கை இழந்தவர்கள் வன்னியில் உண்டு. கராஜில் கழித்த பிறேக் டிஸ்க் தட்டையாக இருந்து, அளவும் சரிவந்தால் அதுவே போதும். மீதித் தகட்டுக்குப் பெயின்ட் பூசுங்கள்.

பூட்டும்போது இரு தகடுகளும் ஒன்றையொன்று பலமாக இழுக்கும், விரல் நசுங்கிவிடும். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, நீண்ட மரையாணிகளில் மெல்ல மெல்ல இறக்குங்கள்.